சாவுக்கு முந்திய செய்தி

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது.

ஒன்றரை அடி இரும்புக் கம்பி. அடித்தவன் தலையில் கறுப்பு ஹெல்மெட். அதுவரை பக்கத்தில் நின்று இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தவன்தான். மஞ்சள் சட்டைக்காரன் கடைப்பக்கம் திரும்பியதும் கம்பியை எடுத்தான்.

மஞ்சள் சட்டைக்காரன் சத்தம்கூடப் போடவில்லை. ஷட்டரில் முகம் மோதி, சரிந்து, நடைபாதையில் உட்கார்ந்தான்.

"புள்ள புடிக்கிறவன்யா... டி.வி.யில காட்டுறாங்க பாருங்க..."

ஹெல்மெட்காரன் அதை மட்டும் சொன்னான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

அது மின்சாதனக் கடைத்தெரு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பதினான்கு டி.வி.க்கள். பதினான்கிலும் ஒரே சேனல். பதினான்கிலும் மஞ்சள் சட்டைக்காரனின் முகம். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்துகள் ஓடின... 'நான்கு வயதுச் சிறுமி கடத்தல். இவனைப் பார்த்தால் விடாதீர்கள். மஞ்சள் சட்டை. மின்சாதனக் கடைத்தெருப் பக்கம் நடமாட்டம்.'

விடவில்லை.

ஒயர் சுருள் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் தன் சாப்பாட்டுப் பையைப் பத்திரமாகச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து உதைத்தார். விலா எலும்பு உடைந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. யாரோ ஒரு பெண் செருப்பால் வாயில் அடித்தாள். அடித்தவர்களைவிடப் படம் பிடித்தவர்கள் அதிகம்.

பதினான்கு முகங்கள் கண்ணாடிக்குப் பின்னால். பதினைந்தாவது தரையில். அதில் அடையாளம் எதுவும் மிச்சமில்லை.

11.05க்குப் போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ஒரு வெள்ளைத் துணியை வாங்கித் தலை முதல் கால் வரை மூடினார். கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

11.10க்கு அதே சேனலில் அடுத்த சிவப்புப் பட்டை... 'குழந்தைக் கடத்தல்காரன் பொதுமக்களால் அடித்துக் கொலை.'

11.25க்குச் சிறுமி கிடைத்துவிட்டாள். பள்ளி வேனின் கடைசி சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளைக் கடத்தவில்லை.

*

அந்தச் சேனலின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில், சரிபார்ப்பு மேசை இருந்தது. அதில் இருபத்தொரு வருடமாக ஒரே ஆள். ஆபீஸே அவளைக் 'கமா' என்றுதான் கூப்பிடும். ஒரு கமா இடம் மாறிக் கிடந்ததற்காக ஒரு மந்திரியின் பேட்டியை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தவள். அவள் டிக் போடாமல் எதுவும் ஒளிபரப்பாகாது.

மூன்று மாதம் முன்புவரை.

மூன்று மாதம் முன்பு ஆசிரியர் ஒரு புதுப் பொத்தான் கொண்டுவந்தார். பெயர் 'உடனடி'. அதை அழுத்தினால் செய்தி நேராகத் திரைக்குப் போய்விடும். கமாவின் மேசைக்கு வராது.

அந்த முகமும் வரவில்லை. அந்தச் சாவும் வரவில்லை. இரண்டையும் அவள் மற்றவர்களைப் போலச் சுவரில் இருந்த டி.வி.யில்தான் பார்த்தாள்.

சிறுமி கிடைத்த செய்தி வந்ததும் அவள் போலீஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். சந்தேக நபர் என்று யார் படத்தையும் தாங்கள் கொடுக்கவில்லை என்றார்கள். பெயர்கூடக் கொடுக்கவில்லை என்றார்கள். டி.வி.யில் பார்த்துத்தான் தங்களுக்கே தெரியும் என்றார்கள்.

அப்படியானால் படம் எங்கிருந்து வந்தது?

செல்போன் அடித்தது. கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் பால் பாக்கெட்டின் தேதியைக்கூட இரண்டு முறை பார்க்கிறாள் என்று அவளைக் கிண்டல் செய்கிற மனுஷன். இன்றைக்குக் குரல் உள்ளே போயிருந்தது.

"உங்க சேனல்ல ஒரு போட்டோ போட்டீங்களே..."

"ம்."

"நான் அத எங்க வாத்தியார் குரூப்புல அனுப்பிட்டேன். அவங்க பெத்தவங்க குரூப்புல போட்டாங்க. இப்ப அந்தாளு இல்லேங்கிறாங்க. நீ டிக் போட்டிருப்பேன்னு நெனச்சேன்மா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடம் மேசைப் போன். திட்டுவதற்காகக் கூப்பிடுகிறவர்களை ஆபரேட்டர் இந்த மேசைக்குத்தான் தள்ளிவிடுவாள். ஆனால் இது திட்டு இல்லை. ஒரு பெண்ணின் குரல். பின்னால் கண்ணாடி உடையும் சத்தம்.

"அவரு புள்ள புடிக்கிறவரு இல்லக்கா... ஜெனரேட்டர் மெக்கானிக்... எங்களுக்கே ரெண்டு புள்ளைங்க... கல்ல வுட்டு எறியுறாங்கக்கா..."

கமா விலாசம் கேட்டு எழுதிக்கொண்டாள். திரும்ப ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். பையை எடுத்தாள்.

*

நாலு மாடிக் குடியிருப்பு. தரைத்தளத்தில் மெக்கானிக்கின் வீடு. வாசலில் நாற்பது பேர். ஜன்னலில் ஒரு கண்ணாடியும் பாக்கி இல்லை. சுவரில் யாரோ கரியால் 'கடத்தல்காரன் வீடு' என்று எழுதி வைத்திருந்தார்கள். இரண்டே போலீஸ்காரர்கள், லத்தியைப் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் நின்றார்கள்.

கமா அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். டி.வி.யிலிருந்து வருகிறாள் என்றதும் வழிவிட்டார்கள். ஒருவன் தன் முகம் தெரியும்படி நிற்கலாமா என்று கேட்டான்.

"குழந்தை கிடைச்சிடுச்சு. வேன்ல தூங்கிட்டிருந்துச்சு. யாரும் கடத்தல" என்றாள் அவள், உரக்க.

பின்னாலிருந்து ஒரு குரல், அதை ஏன் டி.வி.யில் சொல்லவில்லை என்று கேட்டது. கூடவே ஒரு கல் வந்தது. அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. ரத்தம் இமையில் வழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. மூடாத கண்ணோடு கதவைத் தட்டினாள்.

உள்ளே மெக்கானிக்கின் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மெத்தையைக் குறுக்கே சாய்த்து வைத்திருந்தாள். புருஷன் செத்ததை அவளுக்கும் டி.வி.தான் சொல்லியிருந்தது. வெளியே போனால் உயிரோடு திரும்ப மாட்டாய் என்று போலீஸ்காரர்கள் தடுத்துவிட்டார்களாம். அழுது முடிந்து காய்ந்துபோன முகம். தன் முந்தானையாலேயே கமாவின் நெற்றியைத் துடைத்துவிட்டுப் பேசினாள்.

போன வருடம் ரசாயனக் கிடங்கில் தீப்பிடித்துப் பதினோரு பேர் வெந்து செத்தார்கள். காவலாளி கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனதுதான் காரணம் என்று முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் டி.வி.யில் சொன்னார். அந்த மறைத்த முகம் மெக்கானிக்குடையதுதான். சொன்னது அத்தனையும் பொய். எழுதிக் கொடுத்ததைப் படித்தார். அந்தக் காவலாளி பதினாலு மாதமாக ஜெயிலில் இருக்கிறார்.

"அன்னையிலேருந்து இவருக்குத் தூக்கமே இல்லக்கா. நாளைக்கு ஜட்ஜுகிட்ட உண்மையச் சொல்றேன்னு காவலாளியோட வக்கீல்கிட்ட எழுதிக் கொடுத்துட்டாரு."

"எழுதிக் குடுத்துப் படிக்கச் சொன்னது யாரு?"

தெரியாது என்றாள். பெரிய ஆள் என்று மட்டும் சொல்வாராம். பேரைச் சொன்னால் உனக்கும் ஆபத்து என்பாராம்.

கமாவுக்கு அந்தப் பேட்டி நன்றாக நினைவிருந்தது. சாட்சி யார் என்று அவள் கேட்டாள். ஆசிரியர் சிரித்தார். எனக்குத் தெரியும், உனக்கு எதற்கு என்றார். அவள் டிக் போட்டாள். அவள் வாழ்க்கையில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஒரே டிக். அதற்கு அந்த வருடம் சேனலுக்கு விருது கிடைத்தது.

"இன்னிக்கு எதுக்குக் கடைத்தெருவுக்குப் போனாரு?"

"வக்கீல் குமாஸ்தான்னு நேத்து மத்தியானம் போன் வந்துச்சு. நாளைக்குக் காலைல பத்தேமுக்காலுக்கு வா, மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு வா, அடையாளம் தெரியணும்னாங்க. இவர்ட்ட மஞ்சள் சட்டை ஏதுக்கா... எந்தம்பி சட்டைய வாங்கிப் போட்டுட்டுப் போனாரு."

கமா எழுந்தாள். போலீஸ்காரர்களிடம் தன் அடையாள அட்டையைக் காட்டி, இன்னும் நான்கு பேரை வரவழைத்து, தாயையும் பிள்ளைகளையும் பின்வாசல் வழியாகத் தம்பி வீட்டுக்கு ஏற்றி அனுப்பும்வரை அங்கேயே நின்றாள். பிறகு நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினாள்.

*

கம்ப்யூட்டரில் அந்த இரண்டு சிவப்புப் பட்டைகளையும் தேடி எடுத்தாள். ஒவ்வொன்றும் எப்போது தயாரானது, யார் தயாரித்தது என்று உள்ளே பதிவாகியிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அவள் பார்ப்பாள்.

முதல் பட்டை... 'சிறுமி கடத்தல். மஞ்சள் சட்டை.' தயாரான நேரம், நேற்று மாலை 6.10.

இரண்டாவது... 'அடித்துக் கொலை.' நேற்று மாலை 6.14.

கமா நேரத்தை இன்னொரு முறை படித்தாள்.

சிறுமி காணாமல் போனது இன்று காலை பத்து மணிக்கு. மெக்கானிக் மஞ்சள் சட்டை போட்டது இன்று காலை. நேற்றே எழுதியவனுக்கு எப்படித் தெரியும்?

ஜோசியம் இல்லை. இந்த ஊரில் தினமும் ஏதாவது ஒரு குழந்தை அரை மணி நேரம் காணாமல் போகும். கடையில் நிற்கும். பக்கத்து வீட்டில் விளையாடும். எந்தக் குழந்தை, எத்தனை வயது என்பதை மட்டும் விட்டுவிட்டு ஒருவன் செய்தியை எழுதி வைத்துக்கொண்டு, அப்படி ஒரு குழந்தைக்காகக் காத்திருந்திருக்கிறான்.

தயாரித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர். 'சூறாவளி' என்று எல்லோரும் கூப்பிடுகிற குற்றப்பிரிவுச் செய்தியாளனின் பெயர்.

சிறுமி வீட்டு வாசலில் நேரலை கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான் சூறாவளி. வாய் வீங்கியிருந்தது. கமா திரையை அவன் பக்கம் திருப்பினாள். தன் பெயரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த முகத்தைப் பார்த்தான். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா... இவனா? செத்தது இவனா? நான் வெளியில இருந்தேன், படமே பாக்கல..."

நேற்று மாலை ஆறு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டாள். பல் டாக்டரிடம் என்றான். அவன் கண்ணெதிரிலேயே அந்த டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். இடது கீழ் கடைவாய்ப் பல், ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை, வேர் உடைந்து பெரும்பாடாகிவிட்டது என்றார் டாக்டர்.

"உன் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

சூறாவளி கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"ஆசிரியருக்கு."

பிறகு மளமளவென்று கொட்டினான். தீ விபத்தன்று முகத்தை மறைத்துக்கொண்டு பேச ஒரு ஆளைக் கூட்டிவந்தது ஆசிரியர். இவன் மைக்கை மட்டும்தான் பிடித்தான். நிஜ சாட்சி என்று நம்பினான். இன்று காலை 'உடனடி'யை அழுத்தச் சொல்லி ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் செல்போனிலிருந்தே அழுத்தலாம். காலையிலிருந்து பதினொன்றரை வரை அவர் ஆபீஸிலும் இல்லை.

"நான் போய் நேருக்கு நேர் கேக்குறேங்க்கா. என் பேர்ல ஒரு கொலை. சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

தனியாகப் போகாதே என்றாள். போலீஸுக்குச் சொல்லிவிட்டுச் சேர்ந்து போகலாம் என்றாள். அவன் தலையாட்டினான். அவள் முகம் கழுவப் போய்த் திரும்புவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது.

*

'குற்ற உணர்ச்சி... செய்தியாளர் மொட்டை மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை.'

சுவர் டி.வி.யில் அந்தப் பட்டை ஓடியபோது கமா கடிகாரத்தைப் பார்த்தாள். 3.09.

படிகளில் மூச்சிரைக்க இறங்கினாள். வண்டிகள் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. வாசல் காவலர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். யாராவது விழுந்தார்களா என்று கேட்டாள். இல்லையே என்றார். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

ஏழாவது மாடியின் விளிம்பில் ஒரு சட்டை தெரிந்தது.

அவள் கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் அது காற்றில் இருந்தது.

விழுந்தது ஒரு வெள்ளைக் காரின் மேல். கூரை உள்ளே போனது. கண்ணாடி நொறுங்கி நாலாபக்கமும் தெறித்தது. சூறாவளியின் ஒரு கை கதவுக்கு வெளியே தொங்கி, இரண்டு முறை ஆடி நின்றது. நகங்களில் தோல் ஒட்டியிருந்தது... யாரையோ பிடித்து இழுத்திருக்கிறான்.

காவலர் நோட்டில் நேரம் எழுதினார். 3.14.

செய்தி வந்து ஐந்து நிமிடம் கழித்து மனிதன் விழுந்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வழுக்கைத் தலை, சலித்த முகம். எந்தச் சேனல் என்று தெரிந்ததும் முகம் இன்னும் சலித்தது. இரண்டு வருடம் முன்பு இந்தச் சேனல் அவருடைய படத்தைப் போட்டுத் தலைமறைவு ரவுடி என்று நாள் முழுக்க ஓட்டியதாம். மாமியார் வீட்டில் இன்னும் கதவைத் தாழ்போட்டுவிட்டுத்தான் பேசுகிறார்களாம்.

"மறுநாள் திருத்தம் போட்டது நான்தான் சார்" என்றாள் கமா.

அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

நேரங்களை வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் சரி, ஆனால் கம்ப்யூட்டரில் இருப்பது செத்தவன் பெயர், அவனோ தற்கொலை செய்துகொண்டான் என்று ஊரே நம்புகிறது, நகத்துத் தோலின் பரிசோதனை முடிவு வர நாளாகும், இதை வைத்து அவ்வளவு பெரிய மனுஷனைத் தொட முடியாது என்றார். ஆசிரியர் வாயாலேயே வரவேண்டும் என்றார்.

கமா மேசைக்குத் திரும்பினாள். திருத்தச் செய்தி ஒன்று எழுதினாள். சூறாவளி விழுந்த நேரத்தைப் போட்டாள். மெக்கானிக் இறந்த நேரத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தாள். அதைக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். பேசிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் எங்கோ கிளம்பிப் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தார்.

ஐந்தரை மணிக்கு ஒலிப்பதிவுப் பிரிவு ஆள் அவள் காலருக்கு அடியில் கடுகளவு மைக் ஒன்றைப் பொருத்தினான். அவன் சூறாவளியின் நண்பன்.

*

ஆசிரியரின் அறையில் குளிர் அதிகம். ஐம்பத்தைந்து வயது, தினமும் உடற்பயிற்சி செய்கிற உடம்பு. இடது மணிக்கட்டில் புதிதாக ஒரு பிளாஸ்திரி. மேசையில் வேண்டாத தாள்களைக் குத்தி வைக்கும் இரும்பு முள். ஒரு சாண் நீளம். கணினி வருவதற்கு முந்திய காலத்துச் சாமான். ராசி என்று அவர் அதை விடவில்லை.

கமா உட்காரவில்லை. காலையிலிருந்து நடந்ததைச் சொன்னாள். நேற்று 6.10. இன்று 3.09. மஞ்சள் சட்டை. கடைத்தெருவில் பார்த்தவர்கள் சொன்ன ஹெல்மெட்காரன். பாஸ்வேர்டு. அவர் குறுக்கிடவே இல்லை. ஒரு நல்ல கட்டுரையைக் கேட்பது போலக் கேட்டார்.

"இவ்வளவு கச்சிதமா இந்த ஆபீஸ்ல உன்னால மட்டும்தான் முடியும்" என்றார். "ஹெல்மெட் யாருன்னு சொல்லலையே?"

"நீங்கதான். வேற ஆளை நம்பி விடமாட்டீங்க."

அவர் சிரித்தார். மறுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

"பதினோரு பேர் செத்தாங்க. யார் காரணம்னு ஊரே கேட்டுச்சு. உண்மை வர்ற வரைக்கும் காத்திருந்தா அடுத்த சேனல்காரன் முந்திக்குவான். காவலாளின்னு நான் சொன்னேன். ஊர் திருப்தியாத் தூங்கப் போச்சு. பதினாலு மாசம் கழிச்சு மெக்கானிக்குக்கு மனசாட்சி வந்துச்சாம்."

"சூறாவளி என்ன செஞ்சான்?"

"கேள்வி கேட்டான். மாடியில காத்து வாங்கிட்டே பேசலாம்னேன்."

மேசைக் கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதில் இன்னொரு சிவப்புப் பட்டை தயாராக இருந்தது.

'சக ஊழியர் இறந்த சோகம்... 43 வயதுப் பெண் ஊழியர் தூக்கிட்டுத் தற்க்கொலை.'

கமா அதைப் படித்தாள். பழக்கம் விடவில்லை.

"எனக்கு நாப்பத்தாறு. தற்கொலைக்கு நடுவுல 'க்' வராது, சார்."

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு ஒயரை எடுத்தார்.

அவள் கதவை நோக்கி ஓடினாள். இரண்டாவது எட்டில் ஒயர் கழுத்தில் விழுந்தது. பின்னாலிருந்து முறுக்கினார். கால்கள் தரையை விட்டு எழும்பின. காதுக்குள் ஏதோ இரைந்தது. வெளியே இன்ஸ்பெக்டரின் தோள் கதவில் மோதுகிற சத்தம் கேட்டது... அது தேக்குக் கதவு. உடனே திறக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

காலால் மேசை விளிம்பை உதைத்தாள். இருவரும் சுழன்று மேசைமேல் விழுந்தார்கள். கணினி கவிழ்ந்தது. அவள் கை எதையோ தேடித் துழாவியது. இரும்பு. கூர்மை. தாள்களோடு சேர்த்துத் தூக்கினாள்.

ஆசிரியரின் வலது உள்ளங்கைக்குள் முள் இறங்கி மறுபக்கம் வந்து மேசைப் பலகையில் நின்றது.

அந்த அலறல் ஒலிப்பதிவு அறையில் ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே கொண்டுபோனதாகப் பிறகு சொன்னார்கள்.

ஒயர் தளர்ந்தது. கமா தரையில் உருண்டு, இருமினாள். எச்சிலோடு ரத்தம் வந்தது. அப்போதுதான் கதவு கீலோடு பெயர்ந்தது.

*

கையைப் பலகையிலிருந்து பிடுங்க இரண்டு போலீஸ்காரர்கள் தேவைப்பட்டார்கள். துணி சுற்றினார்கள். விலங்கு மாட்டினார்கள். ஆசிரியரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் மூச்சு நிதானத்துக்கு வந்ததும் பழைய குரலும் வந்துவிட்டது.

இந்தப் பெண்தான் தன்னைத் தாக்கினாள் என்றார். மைக்கில் பதிவானதை இன்ஸ்பெக்டர் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

"என் சேனல்லயே எத்தனை போலிக் குரல் ஓட்டியிருக்கேன் தெரியுமா, இன்ஸ்பெக்டர்? குரல நானும் செய்வேன், நீங்களும் செய்வீங்க. என் வக்கீல் பத்து நிமிஷத்துல கிழிச்சிடுவார். ஹெல்மெட்டுக்குள்ள என் மூஞ்சியக் கிட்டத்துல பாத்தவன் ஒருத்தன்தான். மெக்கானிக். அவன் காலைல 11.10க்கே செத்துட்டான்."

இன்ஸ்பெக்டர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கடைத்தெரு என் ஸ்டேஷன் எல்லை இல்ல பாருங்க, டி.வி. சொன்னா சரியா இருக்கும்னு இருந்துட்டேன். இந்தம்மாதான் செத்த நேரம் என்னன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அப்படி யாரும் இங்க சாகலையேன்னுட்டாங்க."

ஆசிரியரின் உதடு அப்படியே நின்றது.

"கடைத்தெருவுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டரப் போய்க் கேட்டேன். சாமர்த்தியசாலி. ஆள் மூச்சு விடுறது தெரிஞ்சா கூட்டம் மறுபடி அடிக்கும். அதான் முகத்தோட சேர்த்து மூடி எடுத்துட்டுப் போயிருக்கார். வேற பேர்ல படுக்க வெச்சிருந்தார். நாலரை மணிக்கு ஆள் கண்ணத் தொறந்தான். நானே பக்கத்துல இருந்தேன். பாதி பல் இல்ல. ஆனா உங்க பேரச் சுத்தமா சொன்னான். எழுதியும் குடுத்தான். காவலாளி விஷயமும் சேர்த்து. பொண்டாட்டி இப்ப பக்கத்துலதான் இருக்கு."

ஆசிரியர் சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்தார். அதன் அடியில் அவரே நேற்று மாலை எழுதிய பட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது... 'அடித்துக் கொலை.'

கமா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கழுத்தில் ஒயரின் தடம் கன்றிச் சிவந்திருந்தது. குரல் கரகரத்தது. இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரித்தாள்.

"ஊர்ல இருக்கறவங்க நம்பினாங்க, சரி. நீங்களுமா சார் நம்ம சேனல நம்பினீங்க?"